ஆர்ச்சுக்கு வெளியே ஒரு பாராட்டு விழா

வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் சொந்தக்காரரான தோல் கம்பெனி முதலாளி வந்திருந்தார். முன்வரிசை சோபாவில், இரண்டு தம்பிகளோடு. எங்கள் சபைப் போதகர் வந்திருந்தார். வார்டு கவுன்சிலர் வந்திருந்தார். அவர் போர்த்தவிருந்த பொன்னாடை அவருக்கு முன்பே வந்து காத்திருந்தது. ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்து, விரல்களில் பசை வாசனை போகாமல், நேராக வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து பியானோ அக்கா தன் பியானோவோடு வந்திருந்தார். என் அப்பா கிறிஸ்துமஸ் சட்டையில் வந்திருந்தார். டிரம்பெட்காரரின் மனைவி வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

வராதவர் ஒரே ஒருவர். டிரம்பெட்காரர். விழா அவருக்குத்தான்.

மேடைக்குப் பின்னால் பிளெக்ஸில் மட்டும் இருந்தார். அவரிடம் இருந்த ஒரே நல்ல போட்டோ ஒரு சாவு ஊர்வலத்தில் எடுத்தது. சிவப்புக் கோட்டு, தொப்பி, உதட்டில் டிரம்பெட், பன் மாதிரி உப்பிய இரண்டு கன்னம். பின்னாலிருந்த பூப்பல்லக்கை பிளெக்ஸ் கடைக்காரர் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கன்னம் உப்பாத நேரத்தில் அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் ஒரு போனில் தொடங்கியது. அக்கா எங்கள் தெருப் பெண். அவருடைய அம்மா வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், இன்றும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்குத்தான் வருவார். அக்கா பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் வாசிக்கிறார்; வெளிநாட்டு மேடைகளுக்கும் போய் வருகிறார். நான் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். இரண்டும் ஒரே தொழில்தான் என்று என் அம்மா நம்புகிறார்.

"ஆம்பூர்ல ஒரு கச்சேரி பண்ணணும்டா தம்பி," என்றார் அக்கா. "எனக்காக இல்ல. நம்ம பேண்டு செட்டுல டிரம்பெட் வாசிக்கிறாரே, அவருக்காக. அவர மேடையில உக்கார வெச்சு, அவரோட சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிக்கணும். அது நடந்தா போதும். மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணா பண்ணிக்கோங்க."

மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. அக்கா ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டதால் மறந்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் தெருவில் எந்த விழா என்றாலும் நிகழ்ச்சி நிரல் எழுதுவதும் மைக் பிடிப்பதும் என் பொறுப்பு. நிரல் சரியாக இருந்தால் விழா சரியாக நடக்கும் என்பது என் கொள்கை. அன்றிரவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். தோல் ஷெட்டில் தோல் பதனிடுகிற டிரம்மை ஓட்டுகிற அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜாஸுன்னா இன்னாடா?"

"எழுதி வெச்சத அப்படியே வாசிக்க மாட்டாங்கப்பா. வாசிக்கும்போதே மாத்திக்கினே போவாங்க."

"தப்பா வாசிப்பாங்களா?"

"தப்பு இல்லப்பா. வேணும்னே பண்றது."

"வேணும்னே தப்பா வாசிக்கிறதுக்கு ஓட்டல்ல காசு குடுக்குறான்." அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் நீ ஏன்டா சபையில ஓசில வாசிக்கிற?"

அக்கா ஒரு சனிக்கிழமை வந்தார். இருவரும் டிரம்பெட்காரர் வீட்டுக்குப் போனோம். ரயில் பாதையை ஒட்டிய கடைசி வரிசையில் வீடு. ஐம்பது வயதைத் தொட்டவர், ஒல்லி. கல்யாண சீசன் இல்லாத நாட்களில் தோல் மண்டியில் உப்புத் தோலை உதறும் வேலைக்குப் போவார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் கட்டிலின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார்.

"எங்கப்பா அடக்கத்துக்கு நீங்கதாண்ணே வாசிச்சீங்க," என்றார் அக்கா. "நான் அப்போ ஸ்கூல் படிக்கிறேன். கல்லறைக்குப் போற வழியில, அந்தப் பாட்டு மூணாவது அடி முடியற எடத்துல ஒரு சுரத்தப் புடிச்சு நிறுத்தினீங்க. விடவே இல்ல. டிரம் அடிக்கிறவரும் நிறுத்திட்டாரு. ஜனம் மொத்தமும் அப்படியே நின்னுச்சு. அப்புறம் மெதுவா எறக்கி விட்டீங்க பாருங்க. நான் இன்னிக்கு வரைக்கும் வாசிக்கிறதெல்லாம் அந்த ஒரு சுரத்தத்தான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"எந்த வழியா போனோம் மேடம்?"

"ரயில்வே கேட் வழியா."

"அதான பாத்தேன்." அவர் முகம் தெளிந்தது. "கேட் போட்டுட்டான். கூட்ஸ் வண்டி. அந்த எடத்துல பாட்ட நிறுத்தினா பொம்பளைங்க ஓன்னு ஆரம்பிச்சுடுவாங்க, ஜாஸ்தி பேஜாராய்டும். அதான் கேட் தொறக்கற வரைக்கும் இழுத்தேன். நடுவுல ரெண்டு தடவ மூச்சு வாங்கினேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சுது," என்றார் அக்கா.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் காரில் வந்து, ஒரு கூட்ஸ் வண்டிக்குப் பாராட்டு விழா எடுக்கப்போகிறோமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அக்கா சிரித்துவிட்டார்.

"அதுக்குப் பேருதாண்ணே ஜாஸ்."

"அப்படியா?" அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா ரேட்டு ஏத்தியிருப்பேனே தம்பி."

அதே பாட்டை இருவரும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவானது. அக்கா எழுந்திருக்கும்போது, "வந்துடுவீங்கல்லண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார். "நான் எந்த வேலைக்கும் லேட்டா போனதில்ல மேடம்," என்றார் அவர். என்னிடம் அக்கா தெருமுனையில் சொன்னார்: "நீதான்டா பொறுப்பு. அவரு என் பக்கத்துல இருக்கணும்." இருப்பார் அக்கா என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாமே இலவசமாக வந்து குவிந்தது. மண்டபத்தைக் கேட்கப் போனபோது முதலாளி, "ஊர்ப் புள்ள வாசிக்குது, அதுக்கு வாடகையா? எடுத்துக்கோ பா," என்று சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனி கேண்டீன் டீயும் சமோசாவும் ஏற்றுக்கொண்டது. மைக் செட் ஒரு தோஸ்த்துடையது. பிளெக்ஸ், கவுன்சிலர் உபயம். அதனால் அவர் படமும் அதில் உண்டு. கன்னம் உப்பாமல்.

சிக்கல் மண்டப மேனேஜரிடம் வந்தது. முதலாளி கொடுத்ததை அவரால் மறுக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும்.

"அந்த பேண்டுக்காரரு மேடையில சும்மா உக்காருவாரா, வாசிப்பாரா?"

"ஒரு பாட்டு வாசிப்பாரு சார்."

"இன்னா பாட்டு?"

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, மறுநாள் சாயங்காலம் இங்க ஒரு ரிசப்ஷன். பொண்ணு வீட்டுக்காரங்க உங்க விழா நடக்கும்போதே பாத்திரம் பண்டம் எறக்க வந்துடுவாங்க. சாவுப் பாட்டு மண்டபத்துக்குள்ள கேக்கக் கூடாது."

"கல்யாணத்துக்கும் இதே செட்டுதானே சார் வருது? அதே கோட்டு, அதே டிரம்பெட்டு."

"வருது. எது வரைக்கும் வருது?"

யோசித்தேன். "ஆர்ச் வரைக்கும்."

"ஆங்," என்றார் மேனேஜர்.

அதுதான் எங்கள் ஊர் வழக்கம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு செட் வாசித்துக்கொண்டே வரும். பின்னால் அலங்கரித்த வண்டியில் மாப்பிள்ளை வருவார். மண்டபத்து ஆர்ச் வந்ததும் ஒரு முடிப்பு வாசித்துவிட்டு செட் வலதுபக்கச் சந்தில் திரும்பிவிடும். மாப்பிள்ளை உள்ளே போவார். சந்து சமையற்கட்டின் பின்புறத்தில் போய் முடியும். அங்கே செட்டுக்கு டீ வரும், பந்தியெல்லாம் முடிந்தபின் சாப்பாடு வரும், கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதை யாரும் சட்டமாகப் போட்டதில்லை. போட்டிருந்தால் யாராவது ஒருநாள் மீறியிருப்பார்கள். டிரம்பெட்காரர் அந்த மண்டபத்துக்கு எத்தனையோ மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். உள்ளே மேடை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். ஒரு கல்யாணப் பாட்டு மட்டும் வாசிக்கலாம். அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சரிடா, கல்யாணப் பாட்டுலயே ஆரம்பிக்கிறோம்," என்றார். "எங்க போய் முடியும்னு நான் எந்தக் கச்சேரியிலயும் சொன்னதில்ல."

விழாக் குழு கூடியது. பாராட்டுப் பெறுபவர் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தால் நன்றாக இருக்காது என்றார் போதகர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர்வலமாக அழைத்து வரலாம், என் ஜீப்பைப் பூ வைத்துத் தருகிறேன் என்றார் கவுன்சிலர். ஊர்வலம் என்றால் முன்னால் பேண்டு வேண்டும். எந்த செட்டைக் கூப்பிடலாம் என்றபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆம்பூரில் நல்ல செட் ஒன்றுதான். டிரம் அடிக்கிறவருக்கு நானே போன் செய்தேன்; அவர் டிரம்பெட்காரரின் மச்சான்.

"சரி தம்பி, ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருப்போம். எதுவரைக்கும் வரணும்?"

"மண்டபம் வரைக்கும்ணே."

நிகழ்ச்சி நிரலில் முதல் வரியாக எழுதினேன்: 'பாராட்டுப் பெறுபவரைப் பேண்டு வாத்தியம் முழங்க அழைத்து வருதல்.' போதகர் படித்துவிட்டு நல்ல தமிழ் என்றார்.

அன்று ஆறரை மணிக்கு நான் மேடையில் மைக்கை உயரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் பேண்டு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற அக்கா தலையைத் தூக்கி, "டிரம்பெட்டு நல்லாருக்குடா," என்றார். ஆமாக்கா, பிரமாதம் என்றேன். அதை வாசிக்கிறது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை.

ஆர்ச்சில் நடந்ததைப் பிற்பாடு பலபேர் சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். செட் வந்தது. மாலையோடு காத்திருந்தவர்கள் செட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், ஏனென்றால் மாலை வாங்குகிறவர் எப்போதும் பின்னால்தான் வருவார். சிவப்புக் கோட்டுக்காரர்கள் ஆர்ச்சுக்குக் கீழே நின்று முடிப்பு வாசித்தார்கள். வரவேற்பில் நின்ற ஒருவர், "செட்டு ஆளுங்க அப்படியே பின்பக்கம் போங்க, டீ இருக்குது," என்று கையைக் காட்டினார். அவர்கள் வலதுபக்கம் திரும்பிச் சந்துக்குள் போனார்கள். பின்னால் பூ வைத்த ஜீப் வந்து நின்றது. அதில் ஒரே ஒரு ஆள் இருந்தார். கவுன்சிலர் பிளெக்ஸை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டு, அந்த ஆளை இறக்கி மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்.

கைதட்டலுக்கு நடுவே அவரை மேடைக்குக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். ஜீப் டிரைவர். கவுன்சிலரின் சொந்த வண்டிக்கு அன்றுதான் அவர் வீட்டில் புதிதாக வைத்த ஆள்; கவுன்சிலர் இன்னும் முகம் பார்த்திருக்கவில்லை.

"தம்பி," என்றார் அவர் பொன்னாடைக்குள்ளிருந்து மெதுவாக, "வண்டி நடுரோட்டுல நிக்குது. நான் போலாமா?"

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு டிரம்பெட்காரருக்குப் போன் போட்டேன். மூன்றாவது வரிசையில் அவர் மனைவியின் பைக்குள் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "போன் என்கிட்டதான் கீது தம்பி, இன்னா விஷயம்?" என்றார். இறங்கி ஓடினேன்.

"அண்ணன் எங்கக்கா?"

"அப்பவே கெளம்பிட்டாரே. செட்டுக் கோட்டதான் மாட்டிக்கினு போனாரு. விழான்னா கோட்டுதானே போடுவாங்கன்னு நானும் உட்டுட்டேன்."

அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பைக்கை அனுப்பினேன், ரயில் பாதை ஓரம் அவர் வீட்டுக்கு ஒரு பைக்கை அனுப்பினேன். பின்பக்கத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. சிறப்பு விருந்தினரை அங்கே போய் யார் தேடுவார்கள்?

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நமாஸுக்குப் போவணும் பா. ஆரம்பிச்சுடு, அவரு வந்து சேர்ந்துக்குவாரு." ஆரம்பித்தோம். மேடையில் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. போதகர் அந்த நாற்காலியைப் பார்த்து, இவர் வாசிக்காமல் நம் சபையில் யாரும் கல்லறைக்குப் போனதில்லை என்று பேசினார். கவுன்சிலர், இப்படிப்பட்ட கலைஞர்களை நம் ஊர் என்றைக்கும் வாசலோடு அனுப்பிவிடாது என்றார். நல்ல கைதட்டல்.

அக்கா வாசிக்க உட்கார்ந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வந்துகொண்டே இருக்கிறார் என்று கையால் காட்டினேன். முதல் பாட்டு வேகமானது. கவுன்சிலர் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் எங்கள் கம்பெனி ஆட்கள் விசிலடித்தார்கள், தப்பான இடத்தில். அக்கா அந்த விசிலைப் பிடித்து அப்படியே பியானோவில் திருப்பி வாசித்தார், பிறகு அவர்கள் விசிலடிக்கவில்லை. மூன்றாவதாக அந்தக் கல்யாணப் பாட்டு. டிரம்பெட்காரர் சேர வேண்டிய இடம் வந்தது. அக்கா மறுபடி என்னைப் பார்த்தார். இந்தமுறை நான் கையைக் காட்டவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணப் பாட்டை ஒரு திருப்பத்தில் நிறுத்தாமலே வேறு பக்கம் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்துக்கு எது எது என்று தெரியவில்லை. பிறகு எங்கள் சபை ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லறைப் பாட்டு. மூன்றாவது அடி முடியும் இடத்தில் அக்கா கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மீண்டும் முதலிலிருந்து வாசித்து அதே இடத்துக்கு வந்து, மறுபடி கையை எடுத்தார்.

சமையற்கட்டுப் பக்கமிருந்து அந்தச் சுரம் வந்தது.

ஜன்னல் வழியாக, சமோசா எண்ணெய் வாசனையோடு வந்தது. பெரிய சத்தமில்லை. ஒரே சுரம், அப்படியே நின்றது. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார், எனக்கும் தெரிந்தது. அக்கா அதற்கு அடியில் ஒவ்வொரு கட்டையாகத் தேடித்தேடி வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்று வைக்கும்போதும் அந்த ஒரே சுரம் வேறொன்றாக மாறியது. ஜாஸ் என்றால் என்ன என்று அப்பாவுக்கு நான் சொன்ன விளக்கம் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு அவர் இறக்கிவிட்டார், அக்கா பிடித்துக்கொண்டார், இருவரும் சேர்ந்து கடைசி அடிக்குப் போனார்கள். நடுவே ஒரு சுவர் இருந்தது.

மண்டபத்தில் முதலில் எழுந்தவர் முதலாளி. ஜனாஸா ஊர்வலம் போனால் எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கம். அவர் தம்பிகள் எழுந்தார்கள். போதகர் எழுந்தார். எங்கள் ஊரில் சாவு போகும்போது யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். யாரோ வாசல் கதவைப் பாதி சாத்தினார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவது போல. வாசித்து முடித்து அக்கா திரும்பியபோது மொத்த மண்டபமும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அவர் வாசிக்கிற ஊர்களில் இதற்கு வேறு அர்த்தம் உண்டு. இருந்தாலும் அவர் இந்த ஊர்ப் பெண். ஒரு நொடி பார்த்தார், சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு தலைகுனிந்து வணங்கினார். கண் கலங்கியிருந்தது.

நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். பெண் வீட்டுச் சாமான்கள் இறங்கியிருந்ததால் பின்பக்கத்து கிரில் கேட் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் படிக்கட்டில் செட் மொத்தமும் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் அக்கா கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து. "உள்ள வந்திருக்கலாமே."

"கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தோம் மேடம். நீங்க ரெண்டு வாட்டி கூப்ட்டீங்க. மொத வாட்டி வாயில சமோசா."

"ஜீப்புல வரச் சொன்னோமேண்ணே," என்றேன்.

"ஊர்வலம் வரணும்னு சொன்னீங்க. டிரம்பெட்டு இல்லாம ஊர்வலம் எப்படி தம்பி வரும்? நான் ஜீப்புல குந்திக்கினா யாரு வாசிப்பா, ஜீப்பா?"

மச்சான் டீ கிளாஸுக்குள் சிரித்தார். அக்கா கம்பி வழியாகக் கையை நீட்டினார். டிரம்பெட்காரர் எண்ணெய்க் கையைக் கோட்டில் துடைத்துவிட்டுப் பிடித்தார்.

"இன்னிக்கு ரொம்ப நேரம் இழுத்தீங்க," என்றார் அக்கா.

அவர் கிரில்லைப் பார்த்தார். "இதுவும் தொறக்கலியே."

ஊர்வலத்துக்கான பணத்தை நான் எடுத்தபோது மச்சான் வாங்கவில்லை. "எங்காளக் கூட்டியாந்து உட்டதுக்கு எங்களுக்கே காசா? வெச்சுக்கோ தம்பி." ஆக அதுவும் இலவசம். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. போர்த்தியதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பாத்திரம் இறக்க வந்த பெண் வீட்டார் சாவுப் பாட்டைக் காதாலும் கேட்டு, ஜனம் எழுந்து நின்றதைக் கண்ணாலும் பார்த்துவிட்டார்களாம். மண்டபத்தைக் கழுவி, ஐயரை வைத்துத் தீட்டுக் கழித்துக் கொடுத்தால்தான் ரிசப்ஷன் என்றார்களாம். விடியற்காலையிலேயே அது முடிந்துவிட்டது. தரை இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கான பில்லை மேனேஜர் என்னிடம் நீட்டினார்.

"அவரு வெளியிலதானே சார் வாசிச்சாரு?" என்றேன். "நீங்க சொன்னபடி உள்ள காலே வெக்கலியே."

"ஆளு வரல தம்பி. சத்தம் வந்துச்சே."

மண்டபம் இலவசம், மேடை இலவசம், டீ, சமோசா, மைக், ஜீப், பிளெக்ஸ், பியானோ, ஊர்வலம் எல்லாம் இலவசம். விழா எடுத்ததற்கு நாங்கள் ஒரு பைசா செலவு செய்யவில்லை. அவர் வாசித்ததற்கு மட்டும்தான் செலவு. குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மீதியை நானும் அப்பாவும் கொடுத்தோம். பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வரும்போது, அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எந்த செட் என்று மேனேஜரிடம் கேட்டேன். நம்ம செட்டுதான், வேற எவன் ஒழுங்கா வாசிக்கிறான் என்றார். ஆர்ச் வரைக்கும்.

பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், ஐயர் தட்சிணை, தரை கழுவிய இரண்டு பேருக்குக் கூலி: மூவாயிரத்து நானூறு ரூபாய்.